கழித்துப் பார்த்த நிறம்

முத்தியால்பேட்டைக் கொளஞ்சியின் ஸ்டூடியோவுக்கு நல்ல போட்டோ எடுத்துக்கொள்ள யாரும் போனதில்லை. அதற்கு நேரு வீதியில் ஏசி போட்ட கடைகள் இருந்தன. கொளஞ்சியிடம் போனது வெளுப்பாகத் தெரிவதற்கு. வெயிலில் அலைந்து கறுத்தவர், பிறவியிலேயே கறுப்பானவர், கறுப்பு என்று தானாக நினைத்துக்கொண்டவர், எல்லாரும் அந்தச் சின்னக் கடையின் ஸ்டூலில் உட்கார்ந்து, முகவாயைத் தூக்கி, போகும்போது ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "அண்ணே, கொஞ்சம் வெளுப்பா." பாஸ்போர்ட்டுக்கும் அதே, காதுகுத்துக்கும் அதே. ஒருமுறை ஒருவர் செத்துப்போன அப்பாவின் படத்தைப் பெரிதாக்கக் கொண்டுவந்து, "உயிரோட இருந்தவரைக்கும் கறுப்பாவே இருந்துட்டாரு, மாட்டி வெக்கறப்பவாவது கொஞ்சம் வெளுப்பா இருக்கட்டும்" என்றார். கொளஞ்சி அதையும் செய்துகொடுத்தார்.

முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர் அவர். அந்தச் சொல் வாய்வரைக்கும் வரும், அங்கேயே கரைந்துவிடும். அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் ஓடுவதும் நிற்பதுமாக இருந்த காலத்தில் கொளஞ்சியின் படிப்பும் அப்படியே நின்றது. ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் படம் கழுவப் போனார். கழுவி, உலர்த்தி, பிறகு எடுக்கவும் கற்றுக்கொண்டு, முத்தியால்பேட்டையில் ஒரு கடையை வாடகைக்குப் பிடிப்பதற்குள் தலையில் பாதி நரைத்துவிட்டது. இடையில் அக்கா சின்னப்பாப்பாவின் புருஷன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அக்காவையும் அவள் மகளையும் பார்த்துக்கொண்டதில் தன் கல்யாணம் தள்ளிப்போனது. அப்புறம் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இவரும் நினைவுபடுத்தவில்லை. ஊரில் எத்தனையோ பேருக்குக் கல்யாண ஆல்பம் போட்டுக்கொடுத்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு ஆல்பம் கிடையாது. சாப்பாடு அக்கா வீட்டில், துணி துவைப்பது அக்கா, படுக்கை கடைக்குப் பின்னால்.

பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது எல்லாரையும் போல அவரும் ஒரு கேமராவும் பழைய கம்ப்யூட்டரும் வாங்கினார். பெரிய பெட்டி மாதிரி மானிட்டர். அதன் இடது மூலை எப்போதும் லேசாகச் சிவந்திருக்கும். கம்ப்யூட்டரை விற்றவர் போட்டோஷாப்பில் ஒரு வேலை செய்து கொடுத்துவிட்டுப் போனார். முகத்தில் வெளிச்சத்தைத் தூக்குவது, மஞ்சளையும் சிவப்பையும் குறைப்பது, இவற்றையெல்லாம் சேர்த்து எஃப் டூ என்ற ஒரே பொத்தானில் ஏற்றிவிட்டார். ஒரு தட்டு தட்டினால் ஆள் ஒரு படி வெளுப்பார். இரண்டு தட்டினால் இரண்டு படி. கல்யாணப் பெண்ணுக்கு மூன்று. இரண்டே வருஷத்தில் அந்தப் பொத்தானின் மேல் இருந்த எழுத்து அழிந்துபோனது.

இதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. கேட்டார்கள், செய்தார். அக்கா மகள் சுடர்விழிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதும் தாய்மாமன் என்ற கடமைக்கு அவளை உட்காரவைத்து நல்லதாக ஒரு போட்டோ எடுத்தார். பழக்கத்தில் விரல் தானாகப் போய் மூன்று தட்டு தட்டிவிட்டது.

அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டுத் தவளக்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஒழுங்காக நடந்தது. சுடர்விழி வந்து கும்பிட்டுவிட்டு நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து போட்டோவை எடுத்தாள். எழுந்து வந்து, பெண்ணின் கன்னத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து, துணிக்கடையில் பிளவுஸ் பிட்டுக்கு நிறம் பொருத்துகிற மாதிரி மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சின்னப்பாப்பாவிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

"போட்டோவுல இருக்கற பொண்ண கூப்புடுங்க."

யாரோ சிரித்தார்கள். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். கொளஞ்சி வாசல் ஓரத்தில் செருப்புகளைப் பார்த்தபடி நின்றார். அவமானம் என்பது உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது, காதில் இருக்கிறது. இரண்டு காதும் எரிந்தன.

சுடர்விழி அழவில்லை. பாத்திரங்களை எடுத்துப் போட்டுவிட்டு மாமாவிடம் வந்தாள். அவள் காந்தி வீதியில் ஒரு புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள்.

"மாமா, எங்க கடைக்குப் பொடவை எடுக்க வர்றவங்க யாருனா டியூப் லைட்டுல பாத்து எடுக்கறாங்களா? வாசலுக்குத் தூக்கினு போயி வெளிச்சத்துல பிரிச்சுப் பாத்துட்டுத்தான் எடுக்கறாங்க. அங்க ஒரு நெறம், இங்க ஒரு நெறம்னா தூக்கிப் போட்டுட்டுப் போயிடறாங்க. என்னையும் அப்படித்தான் பண்ணிட்டாங்க."

"தெரியாம பண்ணிட்டேன் கண்ணு. கை பழகிப்போச்சு."

"இனிமே என்னை ஒன்னும் பண்ணாத. நான் எப்படி இருக்கேனோ அப்படியே ஒரு போட்டோ எடு. அதப் பாத்துட்டு வர்றவங்க வரட்டும், வராதவங்க போகட்டும். ஆனா யாரும் வீட்டுக்குள்ள வந்து போட்டோவ எங் கன்னத்துல வெக்கக் கூடாது."

"சரி கண்ணு" என்றார். அவர் வாயில் எளிதாக வருகிற சொல் அது. ஆனால் இந்த முறை மனதாரச் சொன்னார்.

சொல்லிவிட்டாரே தவிர, அப்படியே எடுப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. எஃப் டூவைத் தட்டாமல் விட்டால் உண்மை நிறம் வந்துவிடும் என்று நினைத்தார். வரவில்லை. ஸ்டூடியோ சுவர் ரோஸ் கலர், டியூப் லைட்டில் ஒரு பச்சை, ஃப்ளாஷில் ஒரு நீலம். மூன்றும் சேர்ந்து சுடர்விழியின் முகத்தை ஊறவைத்த புளி மாதிரி ஆக்கின. சரி, புடவைக் கடைக்காரி சொன்னதுதான் வழி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டூலைத் தூக்கி வாசலில் போட்டு, நிழலில் உட்காரவைத்து எடுத்தார். எதிர்க்கடையில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயின் சாயல் முழுக்க அவள் முகத்தில் விழுந்திருந்தது.

வெள்ளை எது என்று கம்ப்யூட்டருக்குக் காட்டிவிட்டால் மற்ற நிறங்களை அதுவே சரிசெய்துகொள்ளும் என்று எங்கோ கேட்டிருந்தார். வெள்ளைக்கு என்ன பஞ்சம்? தன் வேட்டியை அவள் மடியில் விரித்து இன்னொன்று எடுத்தார். கம்ப்யூட்டரில் அந்த வேட்டியைத் தொட்டு இதுதான் வெள்ளை என்றார். மறுநொடி சுடர்விழி மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். திரும்பத் திரும்பத் தொட்டார். திரும்பத் திரும்ப மஞ்சள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுடர்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாமா, அது அம்மா சொட்டு நீலம் போட்டு அலசுன வேட்டி. அதப் போயி வெள்ளைங்கறியே."

உண்மைதான். ஊர் முழுக்க வெள்ளை என்று உடுத்துவதெல்லாம் நீலம் போட்டதுதான். நீலத்தை வெள்ளை என்று சொன்னால் அந்த நீலத்தை எடுக்க கம்ப்யூட்டர் மஞ்சளைக் கொட்டத்தானே செய்யும், பாவம் அதற்கென்ன தெரியும்.

படங்களைப் பிரிண்ட் போடுகிற கலர் லேப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே மெஷின் ஓட்டுகிற ஒசேன் பாயிடம் போய் நடந்ததைச் சொன்னார். ஒசேன் மேசை இழுப்பறையில் தேடி, உள்ளங்கை அளவு சாம்பல் அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"வெள்ளைய நம்பாத கொளஞ்சி. எல்லாத்துலயும் எதனா ஒன்னு கலந்துருக்கும். இதப் புள்ள கையில குடுத்து எடு. அப்பறம் இதத் தொட்டு, இதான் சாம்பல்னு சொல்லு. உன் மானிட்டர் செவந்து கெடக்கு, அதையும் நம்பாத. கம்ப்யூட்டர் காட்டற செவப்பு, பச்ச, நீலம் மூணு நம்பரும் இந்த அட்ட மேல சமமா வந்துச்சுன்னா சரி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வாசல், அதே ஸ்டூல். சுடர்விழி அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஜெயில்ல போட்டோ எடுக்கற மாதிரி இருக்கு மாமா" என்றாள். அட்டையோடு ஒன்று, அட்டை இல்லாமல் ஒன்று. கம்ப்யூட்டரில் சாம்பலைத் தொட்டதும் தார்ப்பாயின் நீலம் கழன்று விழுந்தது. எண்கள் சமமாக நின்றன. லேபில் பிரிண்ட் போட்டால் அங்கே ஒரு வேடிக்கை. படம் வெளுத்து வந்தது. ஒசேன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"உன் கடை ஃபைலுன்னா நானே ஒரு தட்டு ஏத்திடுவேன் கொளஞ்சி. இல்லன்னா மறுபடியும் திருப்பிக் கொண்டாந்து குடுப்பியே. கை பழகிப்போச்சு."

மறுபடி போட்டார்கள். சூடாக வந்த அந்தப் பிரிண்ட்டைக் கொளஞ்சி வெளியே கொண்டுபோய் வெயிலில் பார்த்தார். நல்ல கருநிறம். நெற்றியில் லேசான செம்மை, கண்ணுக்குக் கீழே கொஞ்சம் அடர்த்தி, மூக்கின் மேல் காலை வெளிச்சம். பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த முகம். இத்தனை வருஷத்தில் தான் எடுத்த படங்களில் ஒரு ஆளை ஆளாகவே பார்த்தது இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. சந்தோஷத்தில் ஒசேனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் சுடர்விழி போட்டோவை வாங்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். தன் கன்னத்துக்குப் பக்கத்தில் தானே அதை வைத்துப் பார்த்தாள்.

"ஆமா மாமா. இது நான்தான்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அந்த நேரம் பார்த்து ராஜாம்பாள் ஒரு வரன் கொண்டுவந்தாள். கல்யாணத் தரகு பார்க்கிறவள். கருவடிக்குப்பம் மணியம்மாள் வீடு. மணியம்மாளின் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள், வீட்டையும் சொல்தா வீடு என்பார்கள். மகன் பலராமன் பாரீசுக்குப் பக்கத்தில் வேலையில் இருக்கிறான். குடி இல்லை, கெட்ட பேர் இல்லை. சின்னப்பாப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. மணியம்மாளைக் கொளஞ்சிக்கும் தெரியும். போன வருஷம் அவள் மகள் கல்யாணத்துக்கு ஆல்பம் போட்டவர் அவர்தான். அதனால் தரகரிடம் கொடுத்தனுப்பாமல் தாய்மாமனே நேரில் போனார்.

"வாப்பா கொளஞ்சி, உக்காரு. உங்க அக்கா பொண்ணாமே, ராஜாம்பா சொன்னா."

மணியம்மாள் போட்டோவை வாங்கினாள். வராந்தாவின் ஓரத்துக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். கொளஞ்சிக்கு அது பிடித்திருந்தது. புடவை எடுக்கத் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டார்.

"பொண்ணு லட்சணமா இருக்கு. கண்ணு நல்லா இருக்கு" என்றாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள். "ஒன்னு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. இது நீ எடுத்ததுதானே?"

"நான் எடுத்ததுதாம்மா."

"கம்ப்யூட்டர்ல போட்டுத்தானே?"

"போட்டுத்தாம்மா."

"உன் கை பட்டே இவ்ளோதான் வந்துருக்குதுன்னா, நேர்ல பொண்ணு எப்படிப்பா இருக்கும்?"

கொளஞ்சிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"இல்லம்மா. இதுல நான் ஒன்னுமே பண்ணல. அவ நெறமே இதுதான். அப்படியே எடுத்தது."

மணியம்மாள் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, வேண்டியவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அதுதான் இன்னும் மோசம்.

"என் பொண்ணு ஆல்பத்த எடுத்தாரட்டா? அதுல அவ கோதும நெறத்துல இருக்கா. பெத்தவ எனக்குத் தெரியாதா அவ நெறம். சம்பந்தி வீட்டுல கேட்டப்ப, 'ஒன்னுமே பண்ணலம்மா, வெளிச்சம் அப்படி'ன்னு நீதானே சொன்ன. நான்தானே உன்னை அப்படிச் சொல்லச் சொன்னேன்."

கொளஞ்சி சாம்பல் அட்டையைப் பற்றியும் சமமான எண்களைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளை வேட்டிக் கதையையும் சேர்த்துச் சொன்னார். சொல்லச் சொல்ல, பொய் சொல்கிறவன்தான் இத்தனை விவரம் சொல்வான் என்று அவருக்கே பட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவ நேர்ல வந்து பாருங்கம்மா. பகல்ல வாங்க."

"பையனுக்கு லீவு கொஞ்ச நாளுதான். போட்டோவ எல்லாம் ஒன்னா அனுப்பிடுவேன். அவன் புடிச்சிருக்குன்னு சொல்ற பொண்ண மட்டும்தான் போயிப் பாக்கறது. சும்மா வீடு வீடா ஏறி பஜ்ஜி தின்னுட்டு வேணான்னு சொல்றது பாவம், பொண்ணுங்க மனசு என்னாவறது?" உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னாள். "வேற போட்டோ இருந்தா குடு. இந்த வாரத்துலயே அனுப்பணும்."

திரும்பி வரும் வழியெல்லாம் கொளஞ்சி வண்டியை உருட்டிக்கொண்டுதான் வந்தார், ஏறி ஓட்டத் தோன்றவில்லை. மணியம்மாள் மேல் கோபப்பட முயன்றார், வரவில்லை. அவள் கணக்கு சரியான கணக்கு. கொளஞ்சி கடைப் படம் என்றால் மூன்று படி கழித்துப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கே தெரியும். ஊருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இப்போது சுடர்விழியின் உண்மை நிறம் மணியம்மாள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், அவள் கழிக்கப்போகும் மூன்று படியை முன்கூட்டியே ஏற்றி வைக்க வேண்டும். உண்மையைச் சொல்ல ஒரு பொய் தேவைப்பட்டது. அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வீட்டில் அக்கா கேட்டாள். மழுப்பிப் பார்த்தார், முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். சின்னப்பாப்பா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஊரே பண்ணுது. நீ எதுக்குடா என் பொண்ணுக்கு மட்டும் பண்ண மாட்டேங்கற?" என்றாள். சுடர்விழி கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சிரித்தாள்கூட.

"அவங்க சொல்றது சரிதான் மாமா. ஆடித் தள்ளுபடிக்கு முன்னாடி எங்க கடையில வெலய ஏத்தி ஒட்டிட்டு, அப்பறம் கொறைப்பாங்க. ஒரு வாட்டி மொதலாளி நேர் வெலயவே எழுதிப் போட்டாரு. ஒருத்தரும் வாங்கல. இதுலயும் எவ்ளோ கொறைப்பீங்கன்னு கேட்டாங்க."

அதோடு எழுந்து உள்ளே போய்விட்டாள். கொளஞ்சி சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே கை கழுவினார்.

மறுநாள் மத்தியானம், புடவைக் கடையில் சாப்பாட்டு நேரத்துக்கு விடும்போது, சுடர்விழி யூனிபார்ம் புடவையோடு ஸ்டூடியோவுக்கு வந்தாள். படம் எடுக்கிற ஸ்டூலை இழுத்து மானிட்டருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் போட்டோவத் தெற மாமா."

திறந்தார். வாசல் வெளிச்சத்தில் எடுத்த முகம் திரையில் வந்தது.

"ஏத்து."

"நீதானே கண்ணு வேணான்னு சொன்ன."

"சொன்னேன். அந்த மாப்ள மேல எனக்கு ஒன்னும் ஆச இல்ல மாமா. ஆனா இந்தப் போட்டோவ வெச்சிகினு இருந்தா யாருமே வர மாட்டாங்க. அம்மா வாசலப் பாத்துக்கினே ஒக்காந்துருக்கும். யாராவது வீட்டுக்குள்ள வந்து என்னைப் பாக்கட்டும். பாத்துட்டு, போட்டோவுல இருக்கற பொண்ண கூப்புடுங்கன்னு சொல்லட்டும். நான் போயி நிக்கறேன்."

கொளஞ்சி வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தார். மணியம்மாளிடம் இன்னொரு முறை போகலாம், போய் என்ன சொல்வது? ஒசேனைச் சாட்சிக்குக் கூப்பிடலாம், அவரும் ஒரு தட்டு ஏற்றுகிறவர்தானே. ஊரில் யார் சொன்னால் நம்புவார்கள் என்று ஒருவரையும் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சாம்பல் அட்டை கீபோர்டுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அதை எடுத்து இழுப்பறையில் போட்டார்.

எழுத்து அழிந்த பொத்தானை ஒரு முறை தட்டினார். நெற்றியின் செம்மை போனது.

"போதுமா கண்ணு?"

சுடர்விழி, கடையில் புடவையைத் தள்ளிவைத்துப் பார்க்கிற மாதிரி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னொரு முறை தட்டினார். கண்ணுக்குக் கீழே இருந்த அடர்த்தி போனது. திரையில் இருந்தது யாரோ. ஆல்பம் ஆல்பமாக அவர் பார்த்துப் பழகிய அதே முகம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகத்தை அவர் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் கை ஓடாது என்று தெரியும்.

"இன்னும் கொஞ்சம் வெளுப்பா, மாமா."

கொளஞ்சி முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்தச் சொல் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. அன்றும் வரவில்லை. பொத்தானை இன்னொரு முறை தட்டினார்.